நத்தைக் கணக்கு

புதிதாய் வாங்கிய நீர்ச்செடிக் கொத்தில்
ஒளிந்து வந்திருக்க வேண்டும் முதலாவது.
செப்டம்பரில் ஒன்று.
முதல் பனி விழுந்த அன்று
கண்ணாடிச் சுவரில் நாற்பத்தேழுவரை எண்ணி
விட்டுவிட்டேன்.

விவாகரத்து மார்ச்சில் முடிந்தது.
வீடு முடியவில்லை.
ஒஸ்ட்ராவாவில் தனி வாடகை கொடுக்க
அவர் சம்பளமும் எட்டாது, என்னுடையதும் எட்டாது.
தெருப்பக்க அறை அவருக்கு.
பின்பக்க அறை எனக்கு.
நடுவிலுள்ளது மகன் ராடிமுக்கு.
ஆமைத் தொட்டி நடைவழியில்.
அது யாருக்கு என்று
நீதிபதி கேட்கவுமில்லை,
நாங்கள் சொல்லவுமில்லை.

ஆமையின் பெயர் க்னெட்லிக்.
வேகவைத்த மாவுருண்டை என்று அர்த்தம்.
கல்யாணத்துக்கு முந்தைய வருடம் வாங்கியபோது
அந்த அளவுதான்.
இப்போது சூப்புத் தட்டைக் கவிழ்த்தாற்போல.

"செம்பு மருந்து இருக்கிறது" என்றார் கடைக்காரர் பெட்லாக்.
"ஊற்றினால் நத்தை சாகும். ஆமைக்கும் ஆகாது."
ஆமையே தின்றுவிடாதா?
"இளசென்றால் தின்னும். வயதானால்
சிலது இலைதழைக்கு மாறிவிடும், என் மாமனார் மாதிரி.
ஒரு லெட்யூஸ் இலையைக் கொதிநீரில் வாட்டி
ராத்திரி மிதக்கவிடுங்கள்.
விடிந்ததும் இலையோடு அள்ளுங்கள்."

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
பகலெல்லாம் தலையணை உறை எண்ணுகிற கை
விடியலில் இலையை உதறி நத்தை எண்ணியது.
முப்பத்தொன்று.
இருபத்தாறு.
நாற்பது.
தயிர்க் குவளையில் போட்டு
உறைபெட்டியில் வைத்தேன், வலியில்லாமல் போகட்டுமென்று.
மறுநாள் குளிர்பெட்டிக் கதவில் ஒரு சீட்டு:
'கீழ்த்தட்டு என்னுடையது. வ்லாஸ்தா.'

அள்ள அள்ள வந்தன.
சல்லடையில், வெப்பமானியில்,
செடியின் முதுகில் பசைப்பசையாய் முட்டைகள்.
ஒன்று க்னெட்லிக்கின் ஓட்டில் ஏறி
தொட்டியின் இக்கரையில் இருந்து அக்கரைக்குப்
பயணம் போயிற்று.
"டிக்கெட் எடுத்ததா?" என்றான் ராடிம்.
டிராம் ஓட்டுகிறவரின் பிள்ளை.
அவர் சிரித்தது
சுவருக்கு அப்பால் கேட்டது.

ஜனவரியில் எனக்குக் காய்ச்சல்.
வேலைக்குப் போகாமல், கதவைச் சாத்தாமல்
கிடந்தேன்.
ராத்திரி ஒன்றரைக்குக் கடைசி டிராமை விட்டுவிட்டு
வ்லாஸ்தா வந்தார்.
விளக்குப் போடவில்லை, கோட்டைக் கழற்றவில்லை.
தீவன டப்பா குலுங்கிற்று.
"தின்னுடா கிழவா" என்றார்,
என்னிடம் ஒருநாளும் பேசியிராத குரலில்.

ஆறேகாலுக்கு
காலுறை தேயும் சத்தம். ராடிம்.
டப்பா குலுங்கிற்று.

விடிந்து ஏழுக்கு நான் எழுந்து போய்
டப்பாவைக் கையில் எடுத்தபிறகுதான்
உறைத்தது.

இந்த மனுஷன் எங்கே போடப்போகிறார் என்று நான்.
அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று அவர்.
இவர்கள் இரண்டு பேருமே என்று
பாவம், அவன்.
ஒரு வயிற்றுக்கு மூன்று வேளை.
மீந்தது ஊறி அடியில் இறங்க
எங்கள் அவநம்பிக்கையைத் தின்று
கொழுத்திருக்கின்றன நத்தைகள்.

குளிர்பெட்டிக் கதவில் தாள் ஒட்டினேன்.
நூல் கட்டிய பேனா ஒன்று.
தேதி, கொடுத்தது, கையெழுத்து.
ஒருவர் போட்டால் மற்றவர் போடக்கூடாது.
முதல் வாரம் யாரும் நம்பவில்லை;
டப்பாவின் எடையை நானே
ரகசியமாய் நிறுத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி: இருபது.
பிறகு பதினொன்று.
பிறகு, இலையில் ஒன்றும் ஏறாத ஒரு காலை.
முற்றிலும் போகாது என்கிறார் பெட்லாக்.
சல்லடைக்குள் எங்கோ இரண்டு மூன்று இருக்கும்,
இருந்துவிட்டுப் போகட்டும்.

தாள் நிரம்பி, பின்பக்கம் திருப்பியாயிற்று.
நேற்று என் கையெழுத்துக்குக் கீழே
அவருடைய சாய்ந்த எழுத்தில்
ஒற்றை வார்த்தை:
'சாப்பிட்டாச்சா?'

ஆமையைக் கேட்கிறாரா,
என்னையா?
தாள் முழுக்க ஆமைக் கணக்குதான்.
ஆனால் அதற்குப் போட்டது
மேல்வரியிலேயே இருக்கிறதே.

பேனாவைப் பிடித்தபடி
வேலைக்கு நேரமாகும்வரை நின்றேன்.